எல்லைக்கோடு யார் கையில்?

விவேக் நகருக்கும் எஜிபுராவுக்கும் தபால் துறை கொடுத்திருப்பது ஒரே பின்கோடு: 560047. தபால்காரருக்கு இரண்டும் ஒரே ஊர். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு ஆலயத்து நவநாளுக்கு வரும் கூட்டத்துக்கும் அப்படித்தான். மெழுகுவர்த்தியும் பூமாலையும் வாங்கிக்கொண்டு நடக்கிறவர்களில் யார் எந்தப் பக்கத்துக்காரர் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தேர்தல் வரைபடத்தில் இவை இரண்டும் தனித்தனி உலகங்கள். விவேக் நகர் சாந்தி நகர் சட்டமன்றத் தொகுதியில், பெங்களூரு மத்திய மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. எஜிபுரா பி.டி.எம். லேஅவுட் தொகுதியில், பெங்களூரு தெற்கில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 2 முதல் மாநகராட்சியே வேறாகிவிட்டது. சாந்தி நகர் தொகுதி பெங்களூரு மத்திய மாநகராட்சிக்கும், பி.டி.எம். லேஅவுட் தெற்கு மாநகராட்சிக்கும் போய்ச் சேர்ந்தன. மழைநாளில் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், எந்த மாநகராட்சியின் கதவைத் தட்டுவது என்பதை இனிமேல் தெருவின் பெயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதில் சதி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் நகரத்தில் கோடு எங்கேயாவது விழுந்துதான் ஆகும்; விழும் இடத்தில் யாராவது இந்தப் பக்கமும் யாராவது அந்தப் பக்கமும் நிற்கத்தான் வேண்டும். கேள்வி வேறு. அந்தக் கோட்டைப் போட்டது யார்? அதனால் ஆதாயம் அடைகிறவருக்கும் போட்டவருக்கும் என்ன உறவு? தப்பாகப் போட்டால் யாரிடம் முறையிடுவது? பெங்களூரில் இந்த மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் பதில்கள் திருப்தி தருவதாக இல்லை.

ஒரே கணக்கு, மூன்று வகுத்தல்

பழைய நூறு வார்டு மாநகராட்சியோடு ஏழு நகரசபைகளையும் ஒரு புறநகர் நகரசபையையும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களையும் சேர்த்து 2007-ல் பெங்களூரு பெருநகர மாநகராட்சியான பி.பி.எம்.பி. உருவானது. அதற்கு 198 வார்டுகள் வரையப்பட்டன. 2010 மார்ச்சிலும் 2015 ஆகஸ்டிலும் அந்த 198 வார்டுகளில்தான் தேர்தல் நடந்தது. விவேக் நகர்க்காரர்களுக்கு அப்போது வார்டு 115, வண்ணார்பேட்டை. பெயரைக் கேட்டாலே தெரியும், அந்தப் பகுதியை உண்டாக்கியவர்கள் யார் என்று.

2015-ல் வந்த கவுன்சிலின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10-ந் தேதி முடிந்தது. அதன்பிறகு வார்டுக்கு கார்ப்பரேட்டர் கிடையாது. அரசு நியமித்த நிர்வாகிதான். அன்றிலிருந்து நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

பி.ஜே.பி. ஆட்சியில் பி.பி.எம்.பி. சட்டம் 2020 வந்தது. வார்டுகள் 243 ஆக வேண்டும் என்றார்கள். 2022 ஜூன் 23-ல் வரைவு, பதினைந்து நாள் அவகாசம், மூவாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள், ஜூலை 14-ல் இறுதி அறிவிப்பு. அவகாசம் முடிந்ததற்கும் இறுதி அறிவிப்பு வந்ததற்கும் இடையே ஒரு வாரம்தான். அதற்குள் அத்தனை மனுக்களையும் படித்து, பரிசீலித்து, கோட்டையும் திருத்தினார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள். பதினைந்து நாளில் ஒரு சாதாரண மனிதர் என்னென்ன செய்ய வேண்டும் தெரியுமா? வார்டு எல்லைகள் 'வடக்கே இன்ன மெயின் ரோடு, கிழக்கே இன்ன கிராஸ், தெற்கே ராஜகாலுவே' என்ற பாணியில் கன்னட அரசிதழில் இருக்கும். அதைப் படித்து, தன் தெருவைக் கண்டுபிடித்து, பக்கத்து வார்டோடு ஒப்பிட்டு, எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். கட்சிக்காரருக்கு அது வேலை. காலை ஆறு மணிக்கு இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு புறப்படுகிறவருக்கு அது நடக்கிற காரியமா?

2023 மே மாதம் ஆட்சி மாறியது. காங்கிரஸ் அரசு 243-ஐத் தூக்கிப் போட்டது. உயர் நீதிமன்றம் ஜூனில் மறுபடி வரைய அனுமதி கொடுத்தது. ஆகஸ்டில் வரைவு, செப்டம்பர் 25-ல் இறுதி: 225 வார்டுகள். அதற்கும் தேர்தல் நடக்கவில்லை. 2024-ல் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்ட மசோதா வந்தது, 2025 மே 15-ல் சட்டம் அமலானது, செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தானது. செப்டம்பர் 30-ல் 368 வார்டுகளுக்கு வரைவு. நவம்பரில் இறுதிப் பட்டியல்: மத்தி 63, வடக்கு 72, தெற்கு 72, கிழக்கு 50, மேற்கு 112. மொத்தம் 369.

இந்த மூன்று வரைபடங்களுக்கும் அடிப்படை ஒரே எண்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பி.பி.எம்.பி. எல்லைக்குள் இருந்த 84.43 லட்சம் பேர். அதை 243-ஆல் வகுத்தால் வார்டுக்குச் சுமார் 34,700 பேர். 225-ஆல் வகுத்தால் 37,500. 369-ஆல் வகுத்தால் 23,000-க்குச் சற்றுக் குறைவு. கணக்கு மாறவில்லை, மக்கள் மாறியதாக எந்த அரசு ஆவணமும் சொல்லவில்லை. மாறியது அரசாங்கமும் வகுக்கும் எண்ணும்தான். புதிய கணக்கெடுப்பு வந்து, அதனால் எல்லையை மாற்ற வேண்டிய கட்டாயம் ஏற்பட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். பதினான்கு வருடப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு மூன்றரை ஆண்டுகளுக்குள் மூன்று முறை வரைந்ததற்கு மக்கள்தொகையைக் காரணம் காட்ட முடியாது.

நாற்பது சதவீதத்தின் வித்தை

கோட்டை நகர்த்தினால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. எந்த உண்மையான வார்டின் கணக்கும் அல்ல, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம்.

அறுபதாயிரம் வாக்காளர்கள் இருக்கும் பகுதியில் மூன்று வார்டுகள் வரைய வேண்டும், வார்டுக்கு இருபதாயிரம். இதில் ஒரு கட்சிக்கு உறுதியான ஓட்டு 24,000, அதாவது நாற்பது சதவீதம். அந்த 24,000 பேரை மூன்று வார்டுகளுக்கும் சமமாக எட்டாயிரம் எட்டாயிரமாகப் பிரித்துவிட்டால், இருமுனைப் போட்டியில் அந்தக் கட்சி மூன்றிலும் தோற்கும். 18,000 பேரை ஒரே வார்டில் திணித்து, மீதி ஆறாயிரத்தை மற்ற இரண்டுக்கும் பங்கிட்டால் ஒரு வார்டில் அமோக வெற்றி, மற்ற இரண்டில் டெபாசிட் கிடைப்பதே சந்தேகம். இரண்டு வார்டுகளில் பதினோராயிரம் பதினோராயிரமாகவும் மூன்றாவதில் இரண்டாயிரமாகவும் வைத்தால், நாற்பது சதவீத ஓட்டை வைத்துக்கொண்டு மூன்றில் இரண்டு வார்டுகளைப் பிடித்துவிடலாம். ஒரு வாக்காளரும் மனம் மாறவில்லை, ஒரு ரூபாயும் பட்டுவாடா ஆகவில்லை. விடை பூஜ்யமாகவும் வரும், ஒன்றாகவும் வரும், இரண்டாகவும் வரும்.

அமெரிக்காவில் 1812-லேயே மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரியின் காலத்தில் இதைச் செய்து, அவர் பெயராலேயே 'ஜெர்ரிமாண்டரிங்' என்று அழைக்கப்படும் அவப்பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் வைக்கவில்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

பெங்களூரு போன்ற நகரத்தில் இந்த வித்தை இன்னும் சுலபம். இங்கே பேட்டைகள் தொழிலாலும் மொழியாலும் மதத்தாலும் கொத்துக்கொத்தாக அமைந்தவை. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, வண்ணார்பேட்டை, விவேக் நகர் என்று அடுத்தடுத்து நடந்து போனால் எந்த இடத்தில் தமிழ்ப் போஸ்டர் அதிகம், எந்த இடத்தில் உருது, எங்கே தெலுங்கு என்று கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளூர்க் கட்சிக்காரருக்கு ஒவ்வொரு கிராஸிலும் எத்தனை ஓட்டு, அது யாருக்கு என்பது மனப்பாடம். கணக்கெடுப்பு பிளாக்குகளை அடுக்கி வார்டு ஆக்கும்போது எந்த பிளாக் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் கம்ப்யூட்டரே தேவையில்லை.

வார்டு வரைவது அந்தந்தச் சட்டமன்றத் தொகுதிக்குள்ளேயே நடக்கும் வேலை என்பதால், எம்.எல்.ஏ.வின் விருப்பு வெறுப்பு இல்லாமல் கோடு விழாது என்று நகரத்தில் அரசியல் தெரிந்த எவரும் சொல்வார்கள். நாளை தனக்குப் போட்டியாக வளரக்கூடிய கார்ப்பரேட்டரின் கோட்டையை இரண்டாக வெட்டுவது எம்.எல்.ஏ.க்குக் கிடைக்கும் சௌகரியம். இதில் கட்சி பேதம் கிடையாது. சொந்தக் கட்சிக்காரரையும் இப்படித்தான் கழற்றிவிடுவார்கள்.

மாமியார் உடைத்தால் மண்குடம்

2022-ல் 243 வார்டுகள் வந்தபோது, இது மாநகராட்சி அலுவலகத்தில் வரைந்ததல்ல, ஆர்.எஸ்.எஸ். அலுவலகமான கேசவ கிருபாவில் வரைந்தது என்று காங்கிரஸ் தலைவர்கள் சாடினார்கள். தங்கள் எம்.எல்.ஏ.க்களின் தொகுதிகளில் வார்டுகள் பெரிதாகவும், பி.ஜே.பி. தொகுதிகளில் சிறிதாகவும் இருப்பதாகவும் சொன்னார்கள். வார்டுப் பெயர்களில் கூட அரசியல் புகுந்தது. சாணக்கியா, சத்ரபதி சிவாஜி என்றெல்லாம் பெயர்கள் முளைத்தன. அதே காங்கிரஸ் ஆட்சிக்கு வந்து 225 ஆக்கியபோது, இது காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்களுக்காகத் தைத்த சட்டை என்றது பி.ஜே.பி. வசனம் அதேதான், வாய்தான் மாறியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இரண்டு கட்சிகளும் மாறி மாறிச் சொன்ன குற்றச்சாட்டு உண்மையா என்று சோதிக்க வழி இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். வழி இல்லை. ஒவ்வொரு வார்டிலும் எந்தெந்தக் கணக்கெடுப்பு பிளாக்குகள் சேர்ந்தன, மாற்று வரைபடம் ஏதாவது பரிசீலிக்கப்பட்டதா, ஆட்சேபணைகளில் எது ஏற்கப்பட்டது, எது எதனால் தள்ளப்பட்டது என்பதை மனுவாரியாக, காரணத்தோடு பொதுமக்கள் முன் வைக்கும் கட்டாயம் இங்கே இல்லை.

வரைகிறவர்கள் யார்? 2022-ல் குழுவின் தலைவர் பி.பி.எம்.பி. தலைமை ஆணையர், உறுப்பினர்கள் மாவட்ட ஆட்சியர், பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் (பி.டி.ஏ.) ஆணையர் போன்ற அதிகாரிகள். 2025-லும் தலைமை ஆணையர்தான். அந்த அதிகாரிகள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களை நியமிப்பதும் இடமாற்றுவதும் முதல்வரின் கையெழுத்து. அந்த முதல்வரின் கட்சி அதே வார்டுகளில் வேட்பாளர் நிறுத்தப் போகிறது. வேலிக்கு ஓணான் சாட்சி என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகவே சொன்னது போல இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2025 மார்ச் 22-ல் சென்னையில் தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் கூட்டிய தொகுதி மறுவரையறைக் கூட்டத்தில் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரும் கலந்துகொண்டார். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய தென்மாநிலங்களின் மக்களவை இடங்களை டெல்லி தன் வசதிக்குக் குறைக்கக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் வாதம். நியாயமான வாதம், நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் சிவகுமார் அதே நேரத்தில் பெங்களூரு வளர்ச்சித் துறை அமைச்சராகவும் இருந்தார். கோட்டை வரைவது ஆதாயம் பெறுகிறவர் கையில் இருக்கக்கூடாது என்பது டெல்லிக்குப் பொருந்தினால் கர்நாடகச் சட்டமன்றமான விதான சௌதாவுக்கும் பொருந்த வேண்டும்.

கோடே சாக்கு

ஜெர்ரிமாண்டரிங் என்றால் கோணல்மாணலான தொகுதி என்றுதான் உலகம் நினைக்கிறது. நம் நாட்டில் அதைவிடப் பெரிய தந்திரம் ஒன்று இருக்கிறது. கோட்டை வரைந்துகொண்டே இருப்பது. வரைந்து முடிக்காதவரை தேர்தல் வராது.

2020 டிசம்பர் 4-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், 198 வார்டுகளுக்கே தேர்தலை நடத்துங்கள் என்று தீர்ப்பளித்தது. இரண்டே வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பிறகு பிற்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த மூன்று நிபந்தனைகள், அவற்றுக்காக அமைத்த பக்தவத்சலா ஆணையம், வழக்குகள், ஆட்சி மாற்றம், புதிய சட்டம். 2025 நவம்பரில் 369 வார்டுகளின் இறுதிப் பட்டியல் வந்தபோது பெங்களூரில் கார்ப்பரேட்டர் என்று ஒருவர் இல்லாமல் ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஒரு கவுன்சிலின் முழு ஆயுள்.

அரசியலமைப்பு இதற்கு இடம் கொடுக்கிறதா? கொடுக்கவில்லை. 243-யு பிரிவு, மாநகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. அகமதாபாத் மாநகராட்சி விவகாரத்தில் கிஷன்சிங் தோமர் தொடுத்த வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு இதை அடித்துச் சொன்னது: வார்டு மறுவரையறை போன்ற காரணங்களைச் சொல்லித் தேர்தலைத் தள்ளக்கூடாது. ஆனால் பழைய மாநகராட்சியைக் கலைத்துப் புதிதாக ஐந்தை உண்டாக்கினால் என்ன செய்வது? புதிய உடம்புக்குப் புதிய ஆயுள் என்ற வாதம் வந்துவிடுகிறது. சட்டத்தின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

பெங்களூரைத் திட்டிக்கொண்டே தமிழ்நாட்டைத் தட்டிக்கொடுக்கவும் முடியாது. அங்கே 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ஊரகத்தில் 2019 டிசம்பரிலும், நகரங்களில் 2022 பிப்ரவரி 19-லும்தான் நடந்தது. புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் மறுவரையறை முடியவில்லை என்று ஒன்பது மாவட்டங்களை உச்ச நீதிமன்றமே 2019-ல் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. கர்நாடக கிராமங்களுக்கு வந்தால், 2016-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லா, தாலுகா பஞ்சாயத்துகளின் காலம் 2021-ல் முடிந்தது. எல்லை வரையும் அதிகாரத்தை மாநிலத் தேர்தல் ஆணையத்திடமிருந்து அதே 2021-ல் சட்டத் திருத்தம் போட்டுப் பறித்தார்கள். தனி ஆணையம் வைத்தார்கள். 2025 முடியும்வரை அந்தத் தேர்தலும் நடக்கவில்லை. மகாராஷ்டிரத்திலும் 2022 மார்ச்சில் இதே பாணியில் தேர்தல் ஆணையத்தின் கையிலிருந்து வார்டு வரையும் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கடல் தாண்டிப் பார்த்தால் இலங்கை. 2017-ல் மாகாணசபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, புதிய தொகுதி எல்லைகளை நிர்ணயிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவின் அறிக்கை 2018 ஆகஸ்ட் 24-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குகூட விழவில்லை, எதிராக 139. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய எல்லைக்கு ஒப்புதல் இல்லை. 2013 செப்டம்பரில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வடக்கு மாகாணசபை 2018 அக்டோபரில் கலைந்தது. அத்தோடு சரி. தமிழர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்றதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அமைப்பை இல்லாமல் செய்ய பீரங்கி தேவைப்படவில்லை. எல்லை நிர்ணயக் கோப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

நீதிமன்றக் கதவு

அரசியலமைப்பின் 329-வது பிரிவும், உள்ளாட்சிக்கான 243-இசட்.ஜி. பிரிவும் எல்லை வரையறைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று கதவைச் சாத்தி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வழக்கு என்று போனால் தேர்தலே நடக்காது என்ற பயத்தில் வைத்த பூட்டு அது. பயம் நியாயமானதுதான். ஆனால் தேர்தலைக் காக்க வைத்த பூட்டு கடைசியில் கோடு போடுகிறவரைக் காக்கும் பூட்டாகிவிட்டது. 2022-ல் 243 வார்டுகளை எதிர்த்துப் போன மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

2024 ஜூலையில் ஒரு ஜன்னல் திறந்தது. குஜராத்தின் பர்தோலி தொகுதியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது பற்றிய வழக்கில், நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான் அமர்வு, எல்லை வரையறை ஆணை வெளிப்படையாகவே தான்தோன்றித்தனமானதாக, அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாததாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றது. முழுப் பாதுகாப்பு என்று ஒன்று கிடையாது என்று பொருள். ஆனால் தான்தோன்றித்தனம் என்று நிரூபிக்க ஆவணம் வேண்டுமே? வரைந்த காரணத்தை எழுதியே வைக்காத ஊரில் அதை எதை வைத்து நிரூபிப்பது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-ல் ருச்சோ வழக்கில் கட்சி ஆதாயத்துக்கான ஜெர்ரிமாண்டரிங்கைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று கைகழுவியது. அங்கே மக்களே வேறு வழி தேடியிருந்தார்கள். கலிஃபோர்னியாவில் 2008-லும் 2010-லும் வாக்கெடுப்பு நடத்தி, எல்லை வரையும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கி பதினான்கு குடிமக்களிடம் கொடுத்தார்கள்: ஐந்து டெமாக்ரட், ஐந்து ரிபப்ளிகன், இரண்டிலும் சேராத நான்கு பேர். தேர்வில் ஒரு பகுதி குலுக்கல். மிச்சிகனில் 2018-ல் இதே போலப் பதின்மூன்று பேர். பல ஆண்டுகள் உலகத்துக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட ஏற்பாடு. 2025-ல் டெக்சஸ் தன் வரைபடத்தைக் கட்சிக்கு வசதியாக மாற்றியதும், கலிஃபோர்னியாவும் பதிலடியாக நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளைப் பொறுத்தவரை தன் சுயேச்சை ஆணையத்தின் வரைபடத்தை ஓரங்கட்டியது. எவ்வளவு நல்ல அமைப்பும் கோபம் வந்தால் ஒரே நாளில் ஓரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஓசூர், சேலம் வழியாகக் கேரளத்துக்குப் போனால் போதும். அங்கே வார்டு மறுவரையறை ஆணையத்தின் தலைவர் மாநிலத் தேர்தல் ஆணையர். உறுப்பினர்கள் அரசுச் செயலாளர்கள். கடைசியாக அவர்கள் வார்டுகளை வரைந்தபோது ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. எதிர்க்கட்சிகள் அங்கேயும் பாரபட்சம் என்று கத்தின. ஆனால் தேர்தல் 2025 டிசம்பரில் குறித்த காலத்தில் நடந்தது. அந்தக் கோடுகளுக்குள் நடந்த தேர்தலில் முதலில் அடிவாங்கியது ஆளும் இடது முன்னணிதான். ஐக்கிய ஜனநாயக முன்னணி பெருவாரியாக வென்றது, திருவனந்தபுரம் மாநகராட்சி பி.ஜே.பி. கைக்குப் போனது. அது பூரணமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். அரசுச் செயலாளர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். என்றாலும் ஆளும் கட்சி தோற்கக்கூடிய வரைபடம் ஒன்று வெளிவந்திருக்கிறது என்பதே எனக்குப் போதிய சான்று.

தமிழ்நாட்டிலும் 2017-ல் வந்த சட்டப்படி மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில்தான் மறுவரையறை ஆணையம் அமைந்தது. கர்நாடகம் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருக்கிறது.

மாநிலத் தேர்தல் ஆணையர் மட்டும் யார் ஆள், அவரையும் அரசுதானே நியமிக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். சரியான கேள்வி. கோவாவில் சட்டத் துறைச் செயலாளரையே கூடுதல் பொறுப்பாக மாநிலத் தேர்தல் ஆணையராக்கி வைத்திருந்தார்கள். நகரசபை வார்டு ஒதுக்கீடு சம்பந்தமான வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது: அரசு வேலையில் இருப்பவர் மாநிலத் தேர்தல் ஆணையராக இருக்கக்கூடாது. ஆணையர் பதவிக்கு வந்துவிட்டால், உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் அல்லாமல் அவரை நீக்க முடியாது. எந்த நேரமும் இடமாற்றப்படக்கூடிய தலைமை ஆணையரோடு ஒப்பிட்டால் இது பத்து மடங்கு மேல்.

தமிழர் கணக்கு

பெங்களூரில் தமிழில் எழுதும்போது இந்தக் கேள்வி வராமல் போகாது: தமிழர் பகுதிகளை வேண்டுமென்றே உடைத்தார்களா? 2008-ல் நாடு முழுவதும் தொகுதிகள் மாறியபோது, அந்தப் புதிய எல்லைகளில் முதலில் சட்டமன்றத் தேர்தலைச் சந்தித்த மாநிலம் கர்நாடகம். பெங்களூரின் இடங்கள் 16-லிருந்து 28 ஆயின. அதே நேரத்தில் தமிழர் நிறைந்த கண்டோன்மென்ட் பகுதியின் பாரதிநகர் தொகுதி வரைபடத்திலிருந்து மறைந்தது. அதன் வாக்காளர்கள் சுற்றியிருந்த தொகுதிகளில் கரைந்தார்கள். நகரத்தின் இடங்கள் கூடும்போது நம் தொகுதி ஏன் போனது என்ற ஆதங்கம் இன்றும் பழைய ஆட்களிடம் உண்டு.

ஆனால் அதை வரைந்தது நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தேசிய ஆணையம். ஆளும் கட்சி நியமித்த நகராட்சி அதிகாரி அல்ல. தமிழரை ஒடுக்கத்தான் அந்த முடிவு என்று சொல்ல ஆதாரம் எதையும் நான் பார்க்கவில்லை. ஆதாரமில்லாமல் சொல்லவும் மாட்டேன். எங்களுக்குத் தமிழ் வார்டு வேண்டும் என்று கேட்பதும் வீண். வண்ணார்பேட்டைச் சலவைத் தொழிலாளிக்கும் பக்கத்துத் தெருக் கன்னட ஆட்டோ டிரைவருக்கும் வேண்டியது ஒன்றேதான்: குப்பை ஆட்டோ தினமும் வரவேண்டும், சாக்கடை தூர்வார வேண்டும், கேட்பதற்குப் பெயர் தெரிந்த ஒரு கார்ப்பரேட்டர் வேண்டும். ஐந்து வருடமாக அவர் இல்லை. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. பல எம்.எல்.ஏ.க்களுக்கு அதுவே வசதி என்பதும் ஊரறிந்த ரகசியம். போட்டியாளர் இல்லாத ராஜ்யம் யாருக்குப் பிடிக்காது?

கோடு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015-ல் 198 வார்டுகளில் பி.ஜே.பி. நூறில் வென்றது. தெளிவான பெரும்பான்மை. ஆனால் மேயர் பதவி காங்கிரஸுக்குப் போனது. மாநகராட்சியில் வாக்களிக்கும் உரிமை உள்ள எம்.எல்.ஏ., எம்.எல்.சி., எம்.பி.க்களின் ஓட்டும் ஜனதா தளம் (எஸ்) கூட்டணியும் தராசைச் சாய்த்தன. வார்டு கோட்டைச் சரிசெய்தால் நகர ஜனநாயகம் பூத்துக் குலுங்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் ஆரம்பமே கோணலாக இருந்தால் பிறகு எதை நிமிர்த்துவது?

செய்ய வேண்டியது

புதிய தத்துவம் எதுவும் வேண்டாம். கிரேட்டர் பெங்களூரு சட்டத்தில் திருத்தம் போதும். வார்டு வரையும் அதிகாரமும், ஒதுக்கீட்டுச் சுழற்சியை நிர்ணயிக்கும் அதிகாரமும் சேர்ந்தே மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் போக வேண்டும். இரண்டையும் பிரித்தால் பயனில்லை; நேர்மையாக வரைந்த வார்டைப் பெண்களுக்கு, பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கும் பட்டியலில் விளையாடியே வேண்டாத கார்ப்பரேட்டரைப் போட்டியிட விடாமல் செய்துவிடலாம். 2022-ல் ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தபோதும் இதே புகார்தான் கிளம்பியது.

புதிய கணக்கெடுப்பு வந்தபிறகு ஒரு முறை மட்டும் வரையலாம். அடுத்த கணக்கெடுப்பு வரை தொடக்கூடாது. பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போது எந்த மறுவரையறையும் முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய எல்லையிலேயே தேர்தல். கலைப்பு, இணைப்பு, பிரிப்பு எதைச் செய்தாலும் இந்த விதி பொருந்த வேண்டும். ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள் போதாது. வரைவைக் கன்னடத்தோடு அந்தந்த வார்டில் பரவலாகப் பேசும் மொழியிலும் வார்டு அலுவலகத்தில் ஒட்டி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் நேரில் கேட்டு, ஒவ்வொரு மனுவுக்கும் ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்று எழுத்தில் பதில் தர வேண்டும். கன்னடம் தெரியாதவனுக்குச் சலுகை கொடுக்கிறார்களா என்று சிலர் முறைப்பார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத் தன் வார்டு எது என்று புரியும்படி சொல்வது சலுகை ஆகாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்தாகிவிட்டது. அந்த எண்கள் வந்ததும் பெங்களூரின் வார்டுகளை மறுபடி வரைய வேண்டும் என்ற பேச்சு கட்டாயம் எழும். அதற்குள் சட்டம் திருந்தாவிட்டால் ஐந்தாவது வரைபடத்தையும் ஆளும் கட்சியின் அதிகாரியே வரைவார். எனவே உங்கள் கேட்டில் வந்து கை கூப்பும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், தண்ணீர், சாலை, குப்பை என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: வார்டு வரையும் அதிகாரத்தை மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்க உங்கள் கட்சி சட்டத்திருத்தம் கொண்டுவருமா, இல்லையா? ஆம் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.